பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கும் வேலையில் முதல் பாடம், ஏற்கெனவே கட்டி வைத்திருப்பதைப் பிரிப்பதுதான்.

சிரிக்காதீர்கள். அப்படி ஒரு வேலை இருந்தது, அதை நான்தான் பார்த்தேன். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், எங்கள் டூர் கம்பெனி. சமையல்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு போய், சாம்பார் ரசத்தோடு சிங்கப்பூரையும் சுவிட்சர்லாந்தையும் காட்டிவிட்டு வருகிற சின்னக் கம்பெனி. ஒருமுறை எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிப்போய்விட்டது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்து போட்டு, பின்னால் நின்ற வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க, பாவாடையும் ஊறுகாயுமாக அள்ளி அள்ளி மாற்றினார்கள். அன்றைக்கே எங்கள் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் கிளம்புவதற்கு முன்னால் ஆபீஸிலிருந்து ஒருத்தர் வீடு வீடாகப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அந்த ஒருத்தர், ஸ்டெல்லாவாகிய நான். வீடு சாந்தோம். ஸ்கூட்டரில் ஒரு கொக்கித் தராசை மாட்டிக்கொண்டு மயிலாப்பூர், அபிராமபுரம், அடையாறு என்று சுற்றுவேன். பிறகு அதே குழுவோடு டூர் மேனேஜராக விமானமும் ஏறுவேன். பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜிப்பை இழுத்தவரா நீங்கள்? இழுத்து முடித்த பிறகு, பாஸ்போர்ட் உள்ளே இருப்பது ஞாபகம் வந்தவரா? வாருங்கள், நானும் உங்கள் கட்சிதான். எத்தனையோ பெட்டிகளைப் பார்த்தவள் என்பதால் என் பெட்டி ஒழுங்காக மூடிவிடும் என்று நினைக்காதீர்கள்.

மாமிக்கு அங்கே என்ன வேலை?

மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்குப் பக்கத்தில் அலமேலு மாமி வீடு. மாமா கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். நான் போனபோது பெரிய பெட்டி கட்டில்மேல் திறந்திருந்தது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், வடாம், வறுத்த ரவை, துண்டில் சுற்றிய குட்டி குக்கர், அதற்குள்ளே காபி ஃபில்டர். ஃபில்டருக்குள் கைவிட்டுப் பார்த்தேன், அங்கேயும் ஏலக்காய் இருந்தது. மாமியின் புடவைகள் இரண்டு மட்டும் ஒரு மூலையில், பொருளுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி செருகியிருந்தன.

"மாமி, சமையல்காரர் கூடவே வர்றார். காலையில இட்லி பொங்கல், மதியம் சாம்பார் ரசம், ராத்திரி தயிர்சாதம். காபிக்கு டிகாக்ஷன்கூட அவரே போட்டுடுவார்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். பெட்டி காலியாகக் காலியாக மாமியின் முகம் என்னவோபோல் ஆனது. "இந்த இடத்துல உங்க புடவை, சால்வை, நடக்கறதுக்கு நல்ல ஷூ எல்லாம் வெச்சுக்கலாம்" என்றேன். மாமி அந்தக் காலி இடத்தையே பார்த்தபடி, "எல்லாத்தையும் அவரே பண்ணிடுவார்னா, அங்க எனக்கு என்ன வேலை ஸ்டெல்லா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். புடவையைச் சுருட்டி வைத்தால் மடிப்பு விழாது என்று ஏதோ பேச்சை மாற்றினேன்.

சுவிட்சர்லாந்து போய் முதல் இரண்டு நாள் மாமி விடிந்ததும் எழுந்து சமையல் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். காய் நறுக்கித் தரட்டுமா என்று கேட்டாள். சமையல்காரர் துரை, "நீங்க போய் மலையைப் பாருங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மாமி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பெஞ்சில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு வாத்துக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வழக்கம்போல, "அலமேலு, ஒரு வாய் காபி" என்றார். மாமி வாத்துக்களிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"துரைதான் அங்க நிக்கறாரே, அவர்கிட்ட கேளுங்கோ. நான் லீவுல இருக்கேன்."

எல்லாம் சிவப்பு

ஒரு வருஷம் முதலாளிக்குத் தாராள மனசு வந்துவிட்டது. பயணிகள் எல்லோருக்கும் இலவசமாகச் சிவப்பு நிறத்தில் சக்கரப் பெட்டி கொடுத்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. "சார், இறங்கற இடத்துல யார் பெட்டி யாருதுன்னு எப்படித் தெரியும்? ஏதாவது அடையாளம் கட்டச் சொல்லுங்க" என்றேன். நல்ல யோசனை என்று பாராட்டிவிட்டு, எல்லோருக்கும் மஞ்சள் ரிப்பன் வாங்கிக் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே மஞ்சள்.

இறங்கிய ஊரில் பெட்டிகள் சுற்றி வரத் தொடங்கியதும் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கைக்கு அகப்பட்டதை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்த அரை மணிக்குள் என் அறை ஃபோன் அடித்தது. அபிராமபுரம் கல்யாணசுந்தரம் சார். தலைமையாசிரியராக இருந்தவர். பெயரில் இருக்கிற கல்யாணத்தோடு திருப்தி அடைந்து, தனியாகவே வாழ்ந்துவிட்டவர். "கொஞ்சம் உடனே வர முடியுமா?" என்றார். குரல் நடுங்கியது. உடம்புக்குத்தான் ஏதோ என்று பதறிக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்து போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கட்டில்மேல் சிவப்புப் பெட்டி விரியத் திறந்து கிடந்தது. உள்ளே முழுக்க ஒரு பெண்மணியின் உள்பாவாடைகளும் மற்றவையும், ரொம்ப நேர்த்தியாக அடுக்கியிருந்தன. "வேற யாரோடதோ மாறிடுச்சு, அவ்வளவுதான் சார். மூடிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தா நானே வந்து எடுத்திட்டுப் போயிருப்பேனே" என்றேன். அவர் திரும்பாமலேயே சொன்னார்.

"தெரியாம திறந்துட்டேன்மா. மூடணும்னா, தெரிஞ்சே பார்க்கணுமே!"

பாதிக்குப் பாதி

புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகப் போகிறீர்களென்றால், அவர் துணியில் பாதியை இவர் பெட்டியிலும், இவர் துணியில் பாதியை அவர் பெட்டியிலும் வையுங்கள். ஒரு பெட்டி வராமல் போனாலும் இரண்டு பேருக்கும் மாற்றுத் துணி இருக்கும். எல்லா வீட்டிலும் நான் சொல்லும் விதி இது. யாரும் மறுத்துப் பேசியதில்லை, அடையாறு சபேசன் சாரும் மல்லிகா மேடமும் தவிர.

அவர்கள் இரண்டு பேரும் பேச்சுவார்த்தையில் இல்லை என்பது நான் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. தோட்டத்தோடு இருந்த தனி வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சார் பில்டரிடம் பேசி முடித்துவிட்டாராம். டூருக்கு அதற்கு முன்பே பதிவு செய்திருந்ததால் இரண்டு பேரும் வேறு வழியில்லாமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டி ஹாலில், இவர் பெட்டி படுக்கையறையில். "அவர் சட்டை என் பெட்டியில வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் மேடம். அப்போது சார் எங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். "எனக்கும் அவசியமில்லைன்னு சொல்லிடுங்க" என்றார் அவர். நான் இரண்டு பேருக்கும் எதையும் சொல்லவில்லை. கம்பெனி விதி என்று சொல்லி, இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நானே நடந்து துணியை மாற்றி வைத்தேன். பின்பக்கத்து மாமரத்தில் அணில் கத்திக்கொண்டிருந்தது. மேடம் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் இறங்கியபோது சபேசன் சாரின் பெட்டி மட்டும் வரவில்லை. சாயங்காலம் அவர் என்னிடம் வந்து, "உங்க விதிப்படி என் சட்டை அவங்க பெட்டியிலதானே இருக்கு? நீங்க கொஞ்சம் வாங்கித் தர முடியுமா?" என்றார். "சார், ஒரே அறையில இருக்கீங்க. நான் வந்து கதவைத் தட்டி உங்க சட்டையைக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் லிஃப்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு அறைக்குத் திரும்பினார். மறுநாள் காலையில் நீலச் சட்டையில் வந்தார். சட்டை ஒரே கசங்கல். பின்னாலேயே வந்த மேடம், "இஸ்திரி போட்டுத் தரேன், கொஞ்சம் இருங்கன்னேன். கேட்டாத்தானே!" என்று பொதுவாக எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டார். அன்றைக்கு முழுக்க பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பேச்சு அதிகமில்லை. ஆனால் ஒருமுறை "மாமரத்தை மட்டுமாவது விடச் சொல்லுங்க" என்று மேடம் சொன்னதும், "கேட்டுப் பார்க்கறேன்" என்று சார் சொன்னதும் என் காதில் விழுந்தன.

மதியம் விமானக் கம்பெனியிலிருந்து பெட்டி கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. சார் அப்போது கொஞ்சம் தள்ளி நின்று இரட்டைக் கோபுரங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மேடமிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பெட்டி வந்துடுச்சுன்னு இப்பவே அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா?"

மோப்பம்

எல்லோருடைய பெட்டியையும் பார்ப்பேன். எங்கள் சமையல்காரர் துரையின் பெட்டியைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. அதில் ஒரு வேட்டி, ஒரு பனியன், ஒரு ஸ்வெட்டர் தவிர மற்றதெல்லாம் மசாலா. உறை மேல் உறை போட்டு, டேப் ஒட்டி, எங்கே என்ன கேட்டாலும் காட்டுவதற்கு வசதியாகத்தான் வைத்திருப்பார். ஆனால் பெருங்காயத்துக்கு உறை போட்டு அடக்க உலகத்தில் யாராலும் முடியாது.

ஒரு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் நாயோடு வந்தார். அது எங்கள் வரிசையில் ஒவ்வொரு பெட்டியாக மோந்துகொண்டே வந்து, துரையின் பெட்டிக்கு முன்னால் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். துரைக்கு ஆங்கிலம் வராது. ஆனால் மரியாதை தெரியும். பெருங்காய டப்பாவைத் திறந்து, விருந்தாளிக்குச் சந்தனம் நீட்டுவதுபோல் அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் இரண்டடி பின்னால் போனார். நாய் ஒரு தும்மல் போட்டது. ஆனால் நகரவில்லை. நான் நடுவில் புகுந்து, சமையலுக்குப் போடுவது, சாம்பாருக்கு, வாயுவுக்கு நல்லது என்று தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டி முடித்தேன். அதிகாரி கையை ஆட்டிப் போகச் சொன்னார். நாய் மட்டும் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது. குழுவே சிரித்துக்கொண்டிருக்க, துரை முகத்தில் வருத்தத்தோடு டப்பாவை மூடினார்.

"அது மோப்பம் புடிக்கல மேடம். பாவம், பசியோட இருந்திருக்கு."

தீபாவளிச் சட்டைகள்

பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருக்கும் கன்னியம்மா அக்காவிடம்தான் நான் வாராவாரம் மீன் வாங்குவேன். அக்காவின் மகன் சேகர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். மீசை முளைக்கிற வயதில் போனவன், திரும்பி வரவேயில்லை. அக்காவின் பட்டன் ஃபோனில் அவன் குரல் மட்டும்தான் வரும். ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் கம்பெனி மாறினான், இன்னொரு வருஷம் விமானமே ஓடவில்லை. கடைசியில் அக்காவே கிளம்பிவிட்டாள். "தனியா போக பயமா கீது. உன் கும்பலோட என்னியும் இட்னு போ" என்றாள். எங்கள் சிங்கப்பூர் குழுவில் சேர்த்துவிட்டேன்.

பெட்டி பார்க்க ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பெட்டி, இழுத்துப் பூட்டியிருந்தது. என் மூக்கு ஒரு சுற்று சுற்றியதை அக்கா கவனித்துவிட்டாள். "இன்னா, கருவாடு கீதான்னு மோந்து பாக்கிறியா? தொறந்தே பாத்துக்க" என்று சாவியைத் தூக்கிப் போட்டாள். திறந்தேன். மேலே அவளுடைய புடவைகள். அதற்குக் கீழே முழுக்க ஆண்பிள்ளைச் சட்டைகள். கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்காமல், காலரில் குத்திய குண்டூசி அப்படியே இருக்க, ஒன்றன்மேல் ஒன்றாக.

"யாருக்குக்கா இத்தனை?"

"சேகருக்குத்தான். வருசா வருசம் தீபாளிக்கு ஒண்ணு எடுத்துடுவேன். இந்த வாட்டி வந்துடுவான், இந்த வாட்டி வந்துடுவான்னு எடுத்து வெச்சிகினே இருந்தேன். அவன் வர்ல, சட்ட கீது."

அடியில் இருந்தவை ஒடிசலான ஒரு பையனுக்கான அளவு. பழசெல்லாம் இனி அவனுக்குப் பத்தாதே, பேசாமல் புதுசை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவோ வீடுகளில் எவ்வளவோ பொருளை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் மட்டும் என் கை போகவில்லை. "நீ எடைய மட்டும் பாரு" என்றாள். தூக்கிப் பார்த்தேன். எடை சரியாகத்தான் இருந்தது.

சிங்கப்பூரில் ஓட்டல் வாசலுக்கு சேகர் வந்தான். நல்ல தோள், கொஞ்சம் தொப்பை, கத்தை மீசை. அக்கா அவனைத் தாண்டி, பின்னால் யாரோ வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "யம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். அழுதார்கள், கன்னத்தைத் தடவினார்கள். அப்புறம் வரவேற்பறை சோபாவிலேயே பெட்டி திறந்தது. சேகர் சிரித்துக்கொண்டேதான் முதல் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தான். கை முழங்கையோடு நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கப்புறம் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு உறையையும் மெதுவாகப் பிரித்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். போன தீபாவளிச் சட்டைக்குக்கூட பொத்தான் எட்டவில்லை. "எதுவும் பத்தலம்மா. ஊருக்கே எடுத்துனு போயி யாருக்குனா குடுத்துடு" என்றான். அக்கா எல்லாவற்றையும் மறுபடி மடித்தாள். ஒரு பையில் போட்டு, அவன் மடியில் வைத்து அழுத்தினாள்.

"பத்தலன்னா இன்னாடா? உன்னுது உன்னாண்டதான் இருக்கணும்."

ஒரு பெட்டி, ஒரு ஆள்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் ராமநாதன் சார் இருந்தார். பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பவர். அவரும் மனைவி ஜெயாவும் ஐரோப்பா டூருக்குச் சேர்ந்திருந்தார்கள். ஜெயா அம்மா முதல் நாளே ஆபீஸுக்கு வந்து என்னிடம் பனிமலையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுப் போனவர். கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். பயணத்தை ரத்து செய்துவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் சாரே ஃபோன் செய்தார். "நான் வரேன். பெட்டி பார்க்க எப்ப வருவேள்?"

போனேன். ஒரே பெரிய பெட்டி. ஜெயா அம்மா எப்போதோ கட்டி முடித்து வைத்தது. இரண்டு பேர் துணியும் ஒன்றாக, இடது பக்கம் அவருடையது, வலது பக்கம் தன்னுடையது என்று வைத்திருந்தார். நான் பார்த்த பெட்டிகளிலேயே அழகாகக் கட்டிய பெட்டி அது. கனமானதெல்லாம் சக்கரத்துப் பக்கம், ஷூவுக்குள் சாக்ஸ், மருந்து தனியாக. வலது பக்கத்தில் மேலாக மாம்பழ மஞ்சளில் ஒரு புது ஸ்வெட்டர். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. அது இரண்டு பேருக்கான எடை. இப்போது போவது ஒருத்தர்.

அதை எப்படிச் சொல்வது என்று தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதிகமா இருக்கா?" என்றார். தலையாட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. என்னோடதை எடுத்துடும்மா" என்றார். நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னார். அவருடைய சட்டைகளில் இரண்டு மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கட்டிலில் எடுத்து வைத்தேன். டூர் முழுக்க அந்தச் சட்டைகளைத்தான் குளியலறையில் அலசிக் காயப்போட்டு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்.

பனிமலைக்குப் போன அன்று குழுவில் ஒரு அம்மாள் வழுக்கி விழுந்து மேலெல்லாம் நனைந்துவிட்டார். என் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பல் கிட்டிப்போய் நின்றேன். சார் பக்கத்தில் வந்தார். தோள்பையைத் திறந்து அந்த மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்தார். தினமும் அதைக் கூடவே கொண்டு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. விலைச்சீட்டுகூட இன்னும் பிய்க்கவில்லை. "வேண்டாம் சார், இது ஜெயாம்மாவோடது" என்றேன். அவர் விலைச்சீட்டைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு நீட்டினார்.

"அங்க குளிருமேன்னுதானே அவ வாங்கினா. போட்டுக்கோம்மா."

மேல் அடுக்கு

இப்போது நான் வீடுகளுக்குப் போவதில்லை. இத்தனை மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்த வேலை. என் பழைய வேலையை பத்மா என்கிற பெண் பார்க்கிறாள், எல்லாம் வீடியோ கால்தான். பெட்டிகளும் பூவாக லேசாகிவிட்டன, வீட்டுக்கு வீடு எடை மெஷின் வந்துவிட்டது. ஆனால் எனக்கு என்னவோ அந்த வீடுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. பெட்டியைத் திறந்ததும் குப்பென்று வரும் பாச்சை உருண்டை வாசனை. "முதல்ல காபி, அப்புறம் பெட்டி" என்று உட்கார வைப்பவர்கள். பெட்டியில் எதை வைக்கலாம் என்று ஆரம்பித்து, மருமகள் கதையில் முடியும் மத்தியானங்கள். சில தெருக்களில் போகும்போது, அந்த வீடு இருந்த இடத்தில் ஃபிளாட் நிற்பதைப் பார்த்து, எந்த மாடி ஜன்னலுக்கு நேரே அந்தக் கட்டில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போவேன்.

போன வாரம் பத்மா மந்தைவெளியில் ஒரு தம்பதியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மேலே அழகாக மடித்த இரண்டு டி-ஷர்ட், ஒரு தொப்பி. அந்த அம்மாள் சிரித்த முகமாக, "அவ்வளவுதாம்மா, வேற ஒண்ணுமே இல்லை" என்றார். கேமரா இன்னும் கொஞ்சம் கீழே போகட்டும் என்று பத்மா சொல்வதற்குள் "சிக்னல் சரியில்லை" என்று இணைப்பு போய்விட்டது. நான் சிரித்த சிரிப்பில் முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து என்னவென்று கேட்டார். பத்மா ஃபோனை மேஜையில் போட்டாள்.

"வீடியோல காட்டுற பெட்டி எல்லாமே நல்லா கட்டின பெட்டிதான் சார். ஏர்போர்ட்லதான் நிஜமான பெட்டியே வருது!"

நாம் வெளிநாட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறோமே தவிர, உண்மையில் செய்வதெல்லாம் வீட்டைச் சக்கரம் வைத்த பெட்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போய், வெளிநாட்டுக்குக் காட்டிவிட்டு வருவதுதான்.